மூலக்கடையிலிருந்து மலையடிவாரம் வரை: ஒரு கூட்டத்தைச் சைக்கிளில் அழைத்துப் போவது எப்படி

மார்கழி தொடங்கி மாசி முடியும் வரை, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு நான் வடசென்னை மூலக்கடையில் நிற்பேன். வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை, மாதவரம் என்று அக்கம்பக்கத்திலிருந்து பன்னிரண்டு பதினான்கு பேர் வந்து சேர்வார்கள். கியர் சைக்கிளில் வருகிற பையனும் உண்டு, பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளை இன்னும் வைத்து ஓட்டுகிற பெண்ணும் உண்டு. செங்குன்றம், காரனோடை, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, அதைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் சுருட்டப்பள்ளி. நாகலாபுரம் மலைகள் எதிரே எழுந்து நிற்கிற இடம் வரை போவோம். ஊத்துக்கோட்டை வரைக்குமே கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர்.

என் அப்பா தண்டையார்பேட்டையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அதனால் சைக்கிள் எனக்குப் புதிதில்லை. ஆனால் சைக்கிள் ஓட்டுவது வேறு, பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போவது வேறு. உங்கள் தெருவிலிருந்து நீங்களும் இப்படி ஒரு கூட்டத்தைக் கிளப்ப நினைத்தால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முந்தைய ஞாயிறே, அதே நேரத்துக்கு, தனியாகவோ துணைக்கு ஒருவரோடோ அந்த வழியில் ஒருமுறை போய் வந்துவிடுங்கள். மேப்பில் பார்த்தது போதாது. ஆறு மணிக்குத் திறந்திருக்கும் டீக்கடை எது, பாலத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் தோண்டிப் போட்டிருக்கிறார்களா, பஞ்சர் கடை ஞாயிறு காலையில் திறக்குமா, இதெல்லாம் நேரில் போனால்தான் தெரியும். முக்கியமாக, பெண்கள் போகக்கூடிய மாதிரி கழிவறை எந்தப் பெட்ரோல் பங்க்கில் இருக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அது தெரியாவிட்டால் பெண்கள் பாதி வழி தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். வெயில் ஏறியதும் தலை சுற்றும். இதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

யார் வரலாம் என்பதற்கு நான் வைத்திருக்கிற அளவு ஒன்றுதான்: முந்தைய வாரம் எங்கேயாவது ஒரே மூச்சில் 20 கிலோமீட்டர் ஓட்டியிருக்க வேண்டும். கியர் வேண்டும் என்று நான் கேட்பதில்லை. இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும், ஹெல்மெட் வேண்டும், பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். மார்கழி, தை மாதத்தில் ஆறரைக்குத்தான் சூரியன் வரும். அது வரைக்கும் மூலக்கடையிலிருந்து வடக்கே போகிற ஜி.என்.டி. நெடுஞ்சாலையில் லாரிக்காரர் கண்ணுக்கு நாம் தெரிவது அந்த விளக்கில்தான். விளக்கில்லாமல் வந்தவரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொண்டு போனவர் அடுத்த மாதம் விளக்கோடு வந்தார்.

வடசென்னையில் இருக்கிற நமக்குக் கண்டெய்னர் லாரி தினமும் பார்க்கிற வண்டி. அதனாலேயே பயம் விட்டுப்போயிருக்கும். ஒன்றை மட்டும் எல்லோருக்கும் கிளம்பும் முன் சொல்லுங்கள்: சந்திப்பில் நிற்கிற டிரெய்லருக்கும் நடைபாதைக்கும் இடையில் இடது பக்கம் இருக்கிற சந்தில் நுழையவே கூடாது. டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது முன்பக்கம் அகலமாகப் போகும், பின் சக்கரங்களோ உள்வாங்கி ஓரத்தை ஒட்டி வரும். அந்தச் சந்து கண்ணெதிரே மூடிவிடும். ஓட்டுநருக்கு அங்கே ஆள் இருப்பதே தெரியாது. லாரிக்குப் பின்னாலேயே நில்லுங்கள், அது போகட்டும்.

சாலையில் எல்லோரும் ஒரே சரமாகப் போகக் கூடாது. ஆறேழு பேராகப் பிரித்து, நடுவில் ஒரு லாரி உள்ளே வந்து ஒதுங்குகிற அளவு இடம் விடுங்கள். முந்துகிற வண்டிக்கு எதிரே ஏதாவது வந்துவிட்டால் அது ஒதுங்க இடம் வேண்டுமே. முன்னால் இருப்பவர் பார்த்ததைப் பின்னால் கத்திச் சொல்ல வேண்டும். "பள்ளம்", "மணல்", "ஸ்பீடு பிரேக்கர்", "நிக்கிறோம்". இந்த நாலு சொல் போதும்.

இனி ஆளைத் தொலைக்காமல் இருப்பது. நான் முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போனபோது முன்னால் ஓட்டினேன். வழி தெரிந்தவள் நான்தானே என்று நினைத்தேன். ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோட்டில் பெரியபாளையத்துக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். நேரே போனால் கல்கத்தா நெடுஞ்சாலை, தச்சூர், கும்மிடிப்பூண்டி. நாங்கள் திரும்பிவிட்டோம். கன்னிகைப்பேர் தாண்டி டீ குடிக்க நின்று எண்ணினால் ஒருவர் குறைகிறார். அவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். போனை எடுத்து, "அம்மா, பெரிய ரோட்டிலேயே வந்துகிட்டு இருக்கேன், யாரையும் காணோமே" என்றார். லாரிகளுக்கு நடுவில் தனியாகத் தச்சூரையும் கடந்து போயிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் வந்து சேர்ந்த அந்த ஒரு மணி நேரம் நான் டீக்கடை பெஞ்சில் உட்காரவே இல்லை.

அப்புறம்தான் இந்த முறையைப் பிடித்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் போகிறவர், தனக்கு அடுத்து வருகிறவரை அங்கேயே நிறுத்திவிட்டுப் போக வேண்டும். நிற்பவர் சாலையை விட்டு இறங்கி, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி நின்று, வருகிற எல்லோருக்கும் கையைக் காட்ட வேண்டும். கடைசியில் வருகிறவர் பளிச்சென்ற பச்சைச் சட்டை போட்டிருப்பார். அந்தச் சட்டை வந்த பிறகுதான் நிற்பவர் நகரலாம். இருபது நிமிடம் ஆனாலும் நிற்க வேண்டும். அடுத்த திருப்பத்தில் அப்போது யார் இரண்டாவதாக இருக்கிறாரோ அவர் நிற்பார். இப்படிச் செய்தால் யாருக்கும் வழி தெரிய வேண்டியதில்லை. கூட்டம் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாலும் கவலையில்லை. வேகமாகப் போகிறவர் அவர் வேகத்தில் போகலாம், மெதுவாக வருகிறவர் மூச்சு வாங்காமல் வரலாம்.

பச்சைச் சட்டையை இப்போது நான்தான் போட்டுக்கொள்கிறேன். முன்னால் போகிறவருக்கு வழி தெரிந்தால் போதும். கடைசியில் வருகிறவருக்குப் பஞ்சர் போடத் தெரிய வேண்டும், செயின் மாட்டத் தெரிய வேண்டும், களைத்துப் போனவர் முகத்தைப் பார்த்தே இனி முடியுமா முடியாதா என்று கணிக்கத் தெரிய வேண்டும்.

பஞ்சர் கட்டாயம் வரும். ஏரிக்கரைப் பக்கமெல்லாம் சீமைக்கருவேல முள். நடுவழியில் ஒட்டும்போது பலரும் அவசரப்படுகிற இடம் இரண்டு. முதலாவது, சொல்யூஷன் என்கிற பசையைத் தடவியதும் ஒட்டுத் துண்டைப் போட்டுவிடுவது. உப்புத்தாளால் டியூப்பைத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, விரலால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிடுங்கள். அதற்குப் பிறகு ஒட்டுத் துண்டைப் போட்டு அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, முள்ளை டயரிலேயே விட்டுவிடுவது. வெளியே தெரிகிற முள்ளைப் பிடுங்கினாலும் நுனி உள்ளே ஒடிந்து நிற்கும். தலைமுடி அளவுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பழைய பனியன் துணியைச் சுருட்டி டயரின் உட்புறம் முழுக்க ஒரு சுற்று மெதுவாகத் தேய்த்து வாருங்கள். நுனி இருக்கிற இடத்தில் துணி வெடுக்கென்று சிக்கும். "டியூப்பை ஒட்டுறது பாதி வேலைதான்மா" என்று அப்பா இதைத்தான் சொல்வார். என் பையில் எப்போதும் அந்தப் பனியன் துணி இருக்கும்.

வால்வையும் பார்த்துவிடுங்கள். சாதாரண சைக்கிளுக்கு வால்டியூப், அதாவது வால்வில் மாட்டுகிற மெல்லிய ரப்பர் குழாய், ஒரு துண்டு வைத்துக்கொண்டால் போதும். விலை கூடிய கியர் சைக்கிள்களில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருக்கும். கிராமத்துப் பஞ்சர் கடை ஏர் குழாய் அதில் பொருந்தாது. மேலே திருகுகிற பித்தளை அடாப்டர் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சட்டைப் பையில் போட்டால் தெரியக்கூடத் தெரியாது.

குடிக்க ஆளுக்கு இரண்டு பாட்டில். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டருக்கு என்று போட்டிருக்கிற பாக்கெட்டை ஒரு முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை பாட்டிலில் கொட்டக் கூடாது. பாக்கெட் இல்லையா, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. பெரியபாளையத்தில் இட்லி சாப்பிடலாம். நாலு இட்லிக்கு மேல் வேண்டாம், மீதி தூரம் இருக்கிறது.

போகிற வழியைப் பற்றிப் பேசுங்கள். சும்மா மிதிக்க மட்டும் யாரும் வருவதில்லை. செங்குன்றத்தில் அரிசி ஆலைகளிலிருந்து நெல் அவிக்கிற வாசனை வரும்போது வேகத்தைக் குறைக்கச் சொல்வேன். காரனோடைப் பாலத்தில் நின்று, கீழே போவது கொசஸ்தலை ஆறு, இதன் குறுக்கே கட்டியதுதான் பூண்டி நீர்த்தேக்கம், 1944-ல் முடிந்தது, சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயர்தான் அதற்கு என்பேன். செய்தியில் வருகிற மில்லியன் கன அடிக் கணக்கு யார் மனதிலும் நிற்காது. சோழவரம் ஏரி 1,081, புழல் 3,300. அதையே புழலுக்குள் மூன்று சோழவரத்தை ஊற்றலாம் என்று சொல்லிப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூட நினைவில் வைத்துக்கொள்ளும். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஜீரோ பாயின்டில்தான், ஆந்திராவிலிருந்து சென்னைக்குக் கிருஷ்ணா தண்ணீரைக் கொண்டு வருகிற கண்டலேறு கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1983-ல் ஒப்பந்தம், 1996-ல்தான் தண்ணீர் வந்தது. குடத்தோடு லாரிக்குக் காத்து நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். கால்வாயில் அந்தத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்ததும் எங்கள் கூட்டத்தில் பேச்சு நின்றுவிடும்.

சுருட்டப்பள்ளியில் ஆரணி ஆற்றங்கரையில் பள்ளிகொண்டீஸ்வரர் கோயில். சிவன் படுத்திருக்கிற கோலம். அங்கே சைக்கிளை நிறுத்தி மலையைப் பார்க்கிறோம், அவ்வளவுதான். நாகலாபுரத்துச் சுனைகளுக்குப் போகலாம் என்று யாராவது கிளப்புவார்கள். முதல்முறை வருகிற கூட்டத்தை அங்கே கூட்டிப் போகாதீர்கள். பாறை வழுக்கும், ஆழம் தெரியாது, வனத்துறை அனுமதியும் பார்க்க வேண்டும்.

ஆடி மாதத்து ஞாயிறுகளில் இந்த வழியே வேண்டாம். வடசென்னையே பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குக் கிளம்பியிருக்கும், சைக்கிளுக்கு இடமிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. பிச்சாட்டூர் அணையிலோ பூண்டியிலோ தண்ணீர் திறந்ததாகச் செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். தரைப்பாலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினாலும் இறங்காதீர்கள்.

திரும்புவதுதான் கஷ்டம். மத்தியானம் கடல் காற்று ஏறும், நமக்கு முகமோ கிழக்கே. போகும்போது 15 கிலோமீட்டர் வேகத்தில் போனவர்கள் வரும்போது 11, 12-க்கு இறங்குவார்கள். அதனால் பாதிப் பேருக்கு ஒரு வழிதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குட்டி யானை பேசி வைத்து, அவர்கள் சைக்கிளை மட்டும் அதில் ஏற்றி, ஆட்களை ஊத்துக்கோட்டையில் பஸ் ஏற்றிவிடுவேன். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றக் கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும். சைக்கிளுக்கு நடுவில் பழைய கோணியை மடித்து வையுங்கள், ஸ்போக்ஸ் வளையாது. பஸ்ஸில் போனவர்கள் மூலக்கடையில் இறங்கித் தங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். பெயர் எழுதிய தாளில் ஒவ்வொன்றாக டிக் போட்டுவிட்டுத்தான் நான் குளிக்கப் போவேன்.