மலை ரயில் கேமா? கல்லாறு–அடர்லி போதும்

குன்னூரில் இருந்தபடி மலை ரயில் கேம் செய்யக் கிளம்பும் தம்பி, தங்கைகளே, மேட்டுப்பாளையம்–ஊட்டி 46 கிலோமீட்டரையும் கட்டி முடிப்பதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். ஒரே ஆள் தனியாகச் செய்யும் கேம்கள் பெரும்பாலும் அங்கேதான் படுத்துவிடுகின்றன. அந்தப் பாதையில் கல்லாறு–அடர்லி பகுதியை மட்டும் எடுங்கள். பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல் பட்டையைக் கவ்வ, எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும் ஏற்றம் அது. பிரேக்கும் நீராவி அழுத்தமும் கையில் சுவாரஸ்யமாக இருக்கிறதா என்று படம் எதுவும் வரையாமல், வெறும் சாம்பல் நிறக் கட்டைகளை வைத்தே ஆடிப் பாருங்கள். இல்லையென்றால் மரம் வரைந்து புண்ணியமில்லை. (மூடுபனி இருப்பதால் தூரத்துக் காட்சி வரையும் வேலை மிச்சம்!)

கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் (Steam) தளத்தில் ஒரு கேமை வெளியிட 100 டாலர் கட்டணம். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் நல்ல ஏற்றத்தைக் கடைசிக்கு ஒளித்து வைக்காதீர்கள்.