மீன் எண்ணெய் மாத்திரை: பின்பக்க அட்டவணையைப் படியுங்கள்

மீன் எண்ணெய் குறைப்பது டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பை. எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலுக்கு இது மருந்தல்ல; டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு உள்ள எண்ணெயால் எல்டிஎல் சற்று ஏறவும் கூடும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தை நிறுத்திவிட்டு இதற்கு மாறவே கூடாது.

டப்பாவின் முன்னால் 1000 மி.கி. என்று போட்டிருப்பது எண்ணெயின் மொத்த எடை. வேலை செய்வது அதிலுள்ள ஈபிஏ, டிஹெச்ஏ என்ற இரு ஒமேகா-3 கொழுப்புகள்தான். பின்பக்கம் பாருங்கள்: சாதாரண மாத்திரையில் ஈபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆக 300 மி.கி. டிரைகிளிசரைடு நன்றாக இறங்க இவ்விரண்டும் சேர்ந்து நாளுக்கு 2 முதல் 4 கிராம் வேண்டும். 3 கிராம் என்றால் இந்த மாத்திரையில் பத்து! தினம் ஒன்று போட்டுக்கொண்டு, ஒன்றும் இறங்கவில்லையே என்று பலர் கலங்குவது இதனால்தான். அட்டவணையின் அளவு ஒரு மாத்திரைக்கா, இரண்டுக்கா என்றும் பாருங்கள். பலர் ஏமாறும் இடம் அது.

இந்த அளவை நீங்களாகத் தொடங்காதீர்கள். அளவு கூடும்போது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத்துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பும் கூடுகிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். டிரைகிளிசரைடு 500 மி.கி./டெ.லி.யைத் தாண்டினால் கணைய அழற்சி வரலாம் என்பதால், கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்கப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். மருந்துச்சீட்டில் தரும் செறிவான வகையில் நான்கே மாத்திரையில் முழு அளவும் கிடைத்துவிடும்.

வெறும் வயிற்றில் விழுங்கினால், குறிப்பாக எத்தில் எஸ்டர் வகை (செறிவான மாத்திரைகள் பலவற்றில் எண்ணெய் இருக்கும் வடிவம்), சரியாக உடலில் சேராது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு, இரு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். மீன் வாடை ஏப்பமும் குறையும். புது டப்பா திறந்ததும் ஒரு மாத்திரையைக் கத்தரித்து முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாடை இருக்கலாம்; பழைய பெயிண்ட் போலக் காரமாக மூக்கில் ஏறினால் எண்ணெய் சிக்குப் பிடித்துவிட்டது, எறிந்துவிடுங்கள். வாசனை சேர்த்த மாத்திரையில் இந்தச் சோதனை பலிக்காது.

தொடங்குமுன் ஒரு ரத்தப் பரிசோதனை, 8 முதல் 12 வாரம் கழித்து இன்னொன்று. இரண்டுக்கும் 9 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். முந்தைய இரவு மது அருந்தினால் எண் பொய்யாக ஏறும். அளவு சரியாக இருந்தும் இறங்காவிட்டால் மாத்திரையைக் கூட்டாதீர்கள். சர்க்கரை, மது, கட்டுக்குள் வராத நீரிழிவு, தைராய்டு குறைவு ஆகியவற்றைப் பாருங்கள்.

காட் மீன் ஈரல் எண்ணெயால் இந்த அளவை எட்ட முயலாதீர்கள். அதற்குள் வைட்டமின் ஏ வரம்பு மீறி, ஈரலைக் கெடுக்கும்.