பிறிஸ்பேனில் படம் எடுக்க இடம் தேடுவது: வன்னியிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு

இரணைமடுக் குளக்கட்டிலும் முல்லைத்தீவுக் கரையிலும் படம் எடுத்துப் பழகியவர்கள் பிறிஸ்பேனுக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "நல்ல இடம் எங்கே இருக்கு?" என்பதுதான். இடங்களின் பெயர்ப்பட்டியல் போனில் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். எந்த இடத்துக்கு எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு, கடல் எவ்வளவு ஏறி நிற்கும்போது போக வேண்டும் என்பது அதில் வராது. இங்கே படம் பிழையாகிப் போவதெல்லாம் அநேகமாக அதனால்தான்.

சூரியன் நிற்கும் பக்கம்

வன்னி பூமத்திய கோட்டுக்கு வடக்கே 9 பாகையில் இருக்கிறது. பிறிஸ்பேன் தெற்கே 27½ பாகையில். கிளிநொச்சியில் மார்கழி மதியத்தில் வெயில் தெற்கிலிருந்து விழும், ஆனி ஆடியில் வடக்கிலிருந்து விழும். பிறிஸ்பேனில் பன்னிரண்டு மாதமும் மதிய வெயில் வடக்கிலிருந்துதான். ஊர்க் கணக்கில் ஆளைத் திருப்பி நிறுத்தினால் முகம் இருண்டுவிடும், பின்னால் சுவர் வெளுத்துவிடும். கட்டடத்தின் தெற்குப் பக்கத்தில் மதியத்தில் மென்மையான திறந்த நிழல் கிடைக்கும். ஆள் படத்துக்கு அதைவிட நல்ல இலவச வெளிச்சம் கிடையாது.

அடுத்தது உயரம். டிசம்பரில் மதியச் சூரியன் 86 பாகையில், உச்சந்தலைக்கு மேல் நிற்கும். கண்குழியும் மூக்கடியும் கறுத்துவிடும். யூனில் அதே சூரியன் 39 பாகைக்கு மேல் ஏறாது. ஆளின் நிழல் ஆளைவிட நீளமாக விழும். அதனால் குளிர்காலத்தில் காலை பத்து மணிக்கும் படம் எடுக்கலாம், பின்னேரம் இரண்டரைக்கும் எடுக்கலாம். யூன் முதல் ஓகஸ்ட் வரை மழையும் குறைவு, காற்றில் ஈரமும் குறைவு. குளிர்காலம் என்றவுடன் கமராவைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிற புதியவர்கள் வருடத்தின் நல்ல மூன்று மாதத்தை விட்டுவிடுகிறார்கள்.

நேரமும் ஊரைப்போல் இல்லை. வன்னியில் வருடம் முழுக்க ஆறு மணிக்கு அங்கால் இங்கால் விடியும். பிறிஸ்பேனில் டிசம்பரில் காலை 4.45 அளவில் சூரியன் வந்துவிடும், யூன் கடைசியில் 6.35க்கு மேல் ஆகும். பொழுது படுவது டிசம்பரில் 6.45 அளவில், யூனில் ஐந்து மணிக்கு. குவீன்ஸ்லாந்தில் கோடை நேர மாற்றம் இல்லாததால்தான் கோடை விடியல் இவ்வளவு வெள்ளன. "காலையில ஆறு மணிக்குக் கடற்கரையில நிப்பம்" என்று டிசம்பரில் சொன்னால், நீங்கள் போகும்போது வெயில் ஏற்கனவே சுடத் தொடங்கியிருக்கும்.

நகரத்துக்குள்

வாகனம் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2024 ஓகஸ்டிலிருந்து தென்கிழக்குக் குவீன்ஸ்லாந்தில் பஸ், றெயில், ஆற்றுப் படகு எல்லாவற்றுக்கும் ஒரு பயணம் 50 சதம். சிற்றிகற் படகில் சென்ற் லூசியாவிலுள்ள பல்கலைக்கழகத்திலிருந்து ஹமில்ரன் வரை ஆற்றோடு போகலாம். முதல் வாரமே, கமராவைக் கையில் வைத்துக்கொண்டு, பொழுது படுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னால் ஒரு முறை ஏறிப் பாருங்கள். எந்தக் கட்டடத்தில் எப்போது வெயில் படுகிறது என்பது அந்த ஒரே பயணத்தில் புரியும். படகு அதிரும், ஆகவே ஷட்டர் வேகம் 1/500 செக்கனுக்குக் கீழே போக வேண்டாம்.

கங்காரு பொயின்ட் செங்குத்துப் பாறைகளின் மேலிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அப்பால் நகரக் கோபுரங்கள். பொழுது படும்போது சூரியன் எதிரே இருக்கும். குளிர்காலத்தில் அது கோபுரங்களின் பக்கமாக வடமேற்கில் இறங்கும், கோடையில் தென்மேற்கே விலகிவிடும். எதிர்வெளிச்சத்தில் ஆளின் நிழலுருவம் நன்றாக வரும், முகம் வராது. முகமும் நகர வெளிச்சமும் இரண்டும் வேண்டுமென்றால் சூரியன் மறைந்து 15 நிமிடம் பொறுத்திருங்கள். வானம் கடும் நீலமாகி, கட்டட விளக்குகளோடு ஒரே அளவில் வரும் நேரம் இருபது நிமிடம்தான். ஆளில்லாமல் நகரத்தை மட்டும் எடுக்க ட்ரைபொட், ஐஎஸ்ஓ 100, எஃப்8, ஷட்டர் 8 முதல் 15 செக்கன். அதற்குப் பிறகு வானம் வெறும் கறுப்பு, விளக்குகள் வெடித்துப்போகும். சனம் அந்த நேரத்தில்தான் சாப்பாட்டுக் கூடையை மடித்துக்கொண்டு வெளிக்கிடும், நீங்கள் நில்லுங்கள்.

1940இல் திறந்த ஸ்டோரி பாலத்தை நியூ ஃபாம் பக்கம் இருக்கும் வில்சன் பார்வைத் திடலிலிருந்து எடுத்தால் பாலமும் நகரமும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும். பாலத்தை மட்டும் கீழிருந்து எடுக்க, ஆற்றின் மறுகரையில் கப்டன் பேர்க் பூங்கா.

மவுண்ட் கூட்தா உச்சி நகரத்துக்கு மேற்கே இருக்கிறது, கிழக்கைப் பார்க்கிறது. எல்லாரும் அங்கே விடியற்காலைக்கு ஓடுவார்கள். விடியலில் நகரம் எதிர்வெளிச்சத்தில் புகைபோலத் தெரியும், வானத்துக்குத்தான் அந்த நேரம் சரி. கட்டடங்கள் துலக்கமாக வேண்டுமென்றால் பின்னேரம் போங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கோபுரங்களைப் பொன்னாக்கும்.

ஒக்ரோபரிலும் நவம்பர் முற்பகுதியிலும் ஜகரண்டா மரங்கள் ஊதாவாகப் பூக்கும். நியூ ஃபாம் பூங்காவிலும் சென்ற் லூசியா வளாகத்திலும் நிரையாக நிற்கின்றன. கடும் வெயிலில் அந்தப் பூ வெளிறி நீலமாகிவிடும். மேகமூட்டமான காலையில்தான் உண்மையான நிறம் வரும். நிலத்தில் விழுந்த பூ, மனிதரும் வாகனமும் மிதிக்கும் முன்னால் இருக்கும்போதுதான் பாயாகத் தெரியும். சேலைக்குக் கடுஞ்சிவப்பும் ஊதாவும் அந்தப் பின்னணியோடு சண்டை பிடிக்கும். மாம்பழ மஞ்சள், இலைப்பச்சை, சந்தன நிறங்கள் எடுபடும்.

குடாவும் வற்றும் பெருக்கும்

வன்னிக்காரர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். முல்லைத்தீவுக் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர் கூட வராது. எப்போது போனாலும் கரை கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கும். பிறிஸ்பேனுக்குக் கிழக்கே இருக்கும் மோர்ட்டன் குடாவில் அமாவாசை, பறுவத்தை ஒட்டிய நாட்களில் நீர் இரண்டு மீற்றர் அளவுக்கு ஏறி இறங்கும். கரை தட்டையானபடியால் வற்றில் கடல் நூற்றுக்கணக்கான மீற்றர் பின்வாங்கிவிடும். குடாக் கரையிலுள்ள நட்ஜீ பீச்சில் காலையில் கண்ணாடி போன்ற நீரை நினைத்துக்கொண்டு போனவர் சேற்றுவெளியைத்தான் பார்ப்பார்.

சேறும் படம்தான், நேரம் தெரிந்தால். வற்று முடிந்து நீர் திரும்பும் முதல் அரை மணியில் மணல் வரிகளுக்கிடையே மெல்லிய நீர் நிற்கும், வானம் அதில் முழுதாக விழும். அந்த வற்று விடியலோடு அல்லது பொழுதுபடுதலோடு ஒன்றுசேரும் நாட்களை மாதத்துக்கு முன்பே குறித்து வையுங்கள். குவீன்ஸ்லாந்து அரசு வருடாந்த அட்டவணை வெளியிடுகிறது, காலநிலைப் பணியகத்தின் தளத்திலும் இருக்கிறது. வற்றுநேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். எனவே இன்று பொருந்தியது அடுத்த கிழமை பொருந்தாது.

ஷோண்கிளிஃப் மரப்பாலம் இதற்கு நேர்மாறு. 350 மீற்றர் அளவுக்குக் கடலுக்குள் நீண்டிருக்கும் இதற்குப் பெருக்கில்தான் போக வேண்டும். வற்றில் தூண்களுக்குக் கீழே சேறு தெரியும். மரப்பலகை என்பதால் யாராவது ஓடினால் ட்ரைபொட் ஆடும், நீண்ட ஷட்டர் படம் இரட்டையாகிவிடும். விடியலுக்கு ஓட்டப் பயிற்சிக்காரர் நிறைய வருவார்கள். பாலத்தில் நில்லாமல் கரையில் நின்று பாலத்தை எடுப்பது நல்லது. றெயில் நிலையத்திலிருந்து நடந்து போகலாம். குளிர்கால விடியலுக்கு றெயில் உதவும், கோடை விடியலுக்கு முதல் றெயிலை நம்பாமல் நேர அட்டவணையைப் பாருங்கள்.

வின்னம் கண்டல் பலகைப்பாதை நம் ஆட்களுக்குக் கண்டற்காட்டு வாசத்தை நினைவுபடுத்தும். அங்கே கடிக்கும் சின்னப்பூச்சி நுளம்பைவிட மோசம். காற்றில்லாத விடியலிலும் அந்தியிலும் நீளக்கை உடுப்பு இல்லாமல் போகாதீர்கள்.

பறவை எடுப்பவர்களுக்கு ஒரு வரி: வங்காலையில் வலசைப் பறவைகளைப் பார்த்தவர்கள் செப்ரெம்பர் முதல் மார்ச் வரை மோர்ட்டன் குடாவுக்கு வரலாம். வற்றில் அவை தூரச் சேற்றில் சிதறி நிற்கும், பெருக்கில்தான் கரையோரத்தில் கூட்டமாக ஒதுங்கும். கிட்டப்போய்க் கலைக்கக் கூடாது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறக்கச் சேர்க்கும் கொழுப்பை அந்த ஒவ்வொரு கலைப்பும் எரிக்கிறது.

அலைக்கடல்

குடாவைத் தீவுகள் மறைப்பதால் அதற்குள் பெரிய அலை வராது. அலை வேண்டுமென்றால் தெற்கே கோல்ட் கோஸ்ட், வடக்கே சன்ஷைன் கோஸ்ட். பேர்லி ஹெட்ஸ் முனையிலிருந்து வடக்கே பார்த்தால் நீண்ட மணற்கரையின் முடிவில் சேர்ஃபர்ஸ் பரடைஸ் கோபுரங்கள் கடலிலிருந்து முளைத்தவைபோல நிற்கும். இது காலைப்படம். கோபுரங்களின் கிழக்கு முகத்தில் அப்போதுதான் வெயில் விழும். சேர்ஃபர்ஸ் பரடைஸ் கடற்கரைக்கே பின்னேரம் குடும்பப்படம் எடுக்கப் போகாதீர்கள். மாடிகளின் நிழல், அதுவும் குளிர்காலத்தில், நடுப்பின்னேரத்திலேயே மணலை மூடிவிடும்.

மன்னாரில் போலச் சூரியன் நீரில் இறங்கும் காட்சி கிழக்குக் கரையில் கிடைக்காது. நீருக்கு மேலே பொழுது படுவதென்றால் மேற்கைப் பார்த்த கரை வேண்டும். கோல்ட் கோஸ்டில் ஸ்பிற் என்ற மணல்நாக்கின் உட்பக்கமும், மோர்ட்டன் தீவில் கப்பல்கள் தாழ்த்தப்பட்ட டங்கலூமாவும் அப்படிப்பட்டவை.

எல்லையிலுள்ள கூலங்கட்டா வரை போகிறவர்கள் மணிக்கூட்டைக் கவனியுங்கள். எல்லைக்கு அப்பால் நியூ சவுத் வேல்ஸில் ஒக்ரோபர் முதல் ஏப்ரல் வரை ஒரு மணித்தியாலம் முன்னால். போன் அந்தப் பக்கக் கோபுரத்தைப் பிடித்தால் நேரம் தானாக மாறிவிடும், விடியலுக்கு வைத்த அலாரமும் குழம்பும். போனில் தானியங்கி நேர அமைப்பை நிறுத்தி, பிறிஸ்பேன் நேரத்தில் வைத்து விடுங்கள்.

பாறையில் நிற்கும் முன்னால் பத்துப் பதினைந்து நிமிடம் அலையைப் பாருங்கள். சிறிய அலைகளுக்குப் பின் பெரிய அலைகள் கூட்டாக வரும். கறுத்து நனைந்திருக்கும் பாறைக்கு அலை ஏறுகிறது என்று அர்த்தம், காய்ந்த பாறையில்தான் நில்லுங்கள். சேலையோடு தண்ணீருக்குள் இறங்கிப் படம் எடுக்கும் ஆசைக்கு முழங்கால்தான் எல்லை. நனைந்த ஆறு யார் துணி இழுக்கும்போது நீந்தத் தெரிந்தவருக்கும் ஏலாது.

மணலில் முகம் கறுப்பது எல்லாருக்கும் வரும் முறைப்பாடு. வெள்ளை மணலைக் கண்ட கமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும், எங்கள் நிறம் இன்னும் இருண்டு போகும். எக்ஸ்போஷரை (கமரா எடுக்கும் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். போனில் முகத்தில் தொட்டு மேலே இழுத்தால் காணும். பட்டுச்சேலையின் சரிகை வெளுத்துப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளுத்தால் வெயிலை விட்டு நிழலுக்கு மாறுவதுதான் வழி, எக்ஸ்போஷரைக் குறைப்பதல்ல.

மலையும் காடும்

கிளாஸ் ஹவுஸ் மலைகள் பழைய எரிமலைகளின் கடினக் கரு. வைல்ட் ஹோர்ஸ் குன்றில் 700 மீற்றர் நீளமான செங்குத்துப் பாதையில் ஏறினால் அவை மேற்கே தெரியும். காலை வெயில் முன்பக்கத்தை ஒளிரச் செய்யும், அந்தியில் நிழலுருவாகும். 556 மீற்றர் உயரமான பியர்வா மலையில் ஏற வேண்டாம் என்று அந்த நிலத்தின் ஆதிமக்கள் கேட்கிறார்கள். கீழே நின்று எடுத்தாலே அழகு.

ஸ்பிறிங்புறூக்கில் இருக்கும் நச்சுரல் பிறிட்ஜ் குகைக் கூரையினூடாக அருவி விழும். மழைக்காட்டுக்கு மேகமூட்டமான நாள்தான் நல்லது. வெயில் நாளில் இலைகளினூடாக விழும் வெள்ளைப் புள்ளிகள் படத்தைத் துளைத்துவிடும். போலரைசர் ஃபில்ரர் இலையின் பளபளப்பை வெட்டும், ஷட்டர் அரைச் செக்கன் அளவில் நீர் பட்டுப்போல வரும். இரவில் அங்கே ஒளிரும் புழுக்கள் இருக்கின்றன, அவற்றின் மேல் ஃபிளாஷோ ரோர்ச்சோ அடிக்கக் கூடாது. அட்டையும் உண்ணியும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால் பாருங்கள்.

குளிரூட்டிய காரிலிருந்து ஜனவரியில் கமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைக்கத் துடைக்க வரும். இறங்குவதற்கு அரை மணி முன்னால் ஏசியை நிறுத்துங்கள், அல்லது கமராவைப் பொலித்தீன் பையில் கட்டி வெளிச் சூட்டுக்குப் பழக விடுங்கள். கோடைப் பின்னேரங்களில் இடியும் ஆலங்கட்டியும் மேற்கிலிருந்து வேகமாக வரும். ராடர் படத்தைப் பார்க்காமல் மலையுச்சிக்கோ மரப்பாலத்துக்கோ போகாதீர்கள்.

அனுமதி

ஊரில் கமராவைத் தூக்கும் முன்னால் சுற்றிப் பார்க்கும் பழக்கம் வன்னிக்காரர் கையில் ஊறியிருக்கும். இங்கே பொது இடத்தில் தெருவையோ கட்டடத்தையோ எடுக்க யாரையும் கேட்கத் தேவையில்லை. பிறர் பிள்ளைகளை எடுப்பதென்றால் பெற்றோரைக் கேளுங்கள். கடைத்தொகுதி போன்ற தனியார் இடங்களில் காவலர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். கலியாண, சாமத்தியப் படப்பிடிப்பைக் காசுக்குச் செய்வதாக இருந்தால் கவுன்சில் பூங்காவுக்கும் தேசியப் பூங்காவுக்கும் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விலைப்பட்டியல் (இன்வொய்ஸ்) கொடுக்க ஏபிஎன் என்ற அவுஸ்திரேலிய வணிக இலக்கம் வேண்டும். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம் என்ற எல்லைக்குள் இந்த வேலையும் அடங்கும்.

ட்ரோன் 120 மீற்றருக்கு மேல் போகக் கூடாது, ஆட்களிலிருந்து 30 மீற்றர் தள்ளி, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், பகலில் மட்டும். 250 கிராமுக்கு மேற்பட்டதென்றால் கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள விமான நிலையத்திலிருந்து 5.5 கிலோமீற்றர் தள்ளி. காசுக்குப் பறப்பதென்றால் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ட்ரோனைப் பதிய வேண்டும்.