சின்னத் தளத்துக்கு எஸ்கியூலைட் போதும்: அமைக்கும் முறை

ஒரே சர்வரில் ஓடும் தளத்துக்குத் தனி டேட்டாபேஸ் சர்வர் எதற்கு? ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட எஸ்கியூலைட் (SQLite) டேட்டாபேஸ் தாராளமாகப் போதும். மொத்த டேட்டாவும் ஒரே ஃபைல். பாஸ்வேர்டு, போர்ட், நடுராத்திரியில் நின்றுபோகும் சர்வீஸ் எதுவும் கிடையாது.

ஆனால் அதன் இயல்பான அமைப்புகளை அப்படியே விடக்கூடாது. முதலில் ஜர்னல் மோடை, அதாவது மாற்றங்களைப் பதிவுசெய்யும் முறையை, 'வால்' (WAL: மாற்றங்களை முதலில் பக்கத்தில் தனி ஃபைலில் எழுதுவது) என்று மாற்றுங்கள். ஒருவர் எழுதும்போதே மற்றவர்கள் படிக்கலாம். ஒருமுறை மாற்றினால் ஃபைலிலேயே நிற்கும். பிஸி டைம்அவுட் (ஃபைல் பூட்டியிருந்தால் காத்திருக்கும் நேரம்) 5000 மில்லிசெகண்ட், ஃபாரின் கீ சோதனை (டேபிள்களுக்கு இடையிலான தொடர்பு சரியா என்று பார்ப்பது) ஆன்: இவ்விரண்டையும் கனெக்‌ஷன் திறக்கும் ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டும்.

அப்புறமும் 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்ற பிழை வருகிறதா? பெரும்பாலும், ஒன்றாகச் சேர்ந்து முடியவேண்டிய வேலைத் தொகுப்பான டிரான்ஸாக்‌ஷன் படிப்பதில் தொடங்கி நடுவில் எழுதப் போயிருக்கும். அதற்குள் வேறொருவர் எழுதிவிட்டால் டைம்அவுட் காத்திருக்காது, உடனே பிழைதான். எழுதப்போவது தெரிந்தால், எழுதும் உரிமையை முதலிலேயே எடுத்துக்கொள்ளும் 'பிகின் இமீடியட்' என்றே தொடங்குங்கள். டிரான்ஸாக்‌ஷனுக்குள் மெயில் அனுப்புவது, வெளி ஏபிஐ-யைக் கூப்பிடுவது வேண்டவே வேண்டாம்.

நெட்வொர்க் டிரைவில் வைக்காதீர்கள்; வால் அங்கே வேலை செய்யாது.

பேக்கப்புக்கு, ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை வெறுமனே காப்பி எடுத்தால் பக்கத்து வால் ஃபைலில் உள்ள புதிய பதிவுகள் விடுபடும். பிரதி சிதையவும் கூடும். முழுப் பிரதியைத் தனி ஃபைலில் எழுதும் 'வேக்யூம் இன்டு' கட்டளையை கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) தினமும் ஓடவிடுங்கள். அதே பெயரில் பழைய பிரதி இருந்தால் கட்டளை தோற்கும். பெயரில் தேதியைச் சேருங்கள். மாதம் ஒரு பிரதியை வேறு கணினியில் திறந்து, ஃபைல் சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் 'இன்டெக்ரிட்டி செக்' ஓட்டுங்கள். டேபிள் அமைப்பை மாற்றும் வேலையை வெள்ளிக்கிழமை மாலையில் தொடாதீர்கள். செவ்வாய் காலையில் செய்தால் பிழை வந்தாலும் பார்க்க ஆள் இருக்கும்.