தேதியில்லாத சிரிலிக் கடிதத்தின் வயதைக் கணிக்க

இன்றைய குரோஷியாவிலுள்ள டுப்ரோவ்னிக் நகருக்குப் போஸ்னிய, செர்பிய ஆட்சியாளர்கள் சிரிலிக்கில் (ரஷ்ய மொழியும் பயன்படுத்தும் எழுத்துமுறை) அனுப்பிய பழைய கடிதத்தில் ஆண்டு இல்லையா? அதே அரசவையிலிருந்து வந்த, தேதியுள்ள கடிதம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் பொருளை மறந்து எழுத்தை மட்டும் பாருங்கள். எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் நிமிர்ந்து நின்றால் பழைய பாணி. 14ஆம் நூற்றாண்டுக் கடிதங்களில் கை வேகமெடுக்கிறது. ‘வ’ ஒலிக்கான எழுத்து சின்னச் சதுரப் பெட்டியாகிவிடும். இரண்டும் ஒரே கை என்று தெரிந்தால், அந்த எழுத்தர் பணியாற்றிய காலமே உங்கள் எல்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கையெழுத்து சொல்வது அந்தத் தாளின் வயதை. 1189 ஆகஸ்ட் 29 தேதியிட்ட போஸ்னிய ஆட்சியாளர் பான் குலினின் (‘பான்’ என்பது பட்டம்) சாசனத்துக்கு மூன்று படிகள் உள்ளன. படி பிந்தையதாக இருந்தாலும் தேதி பழையதாகவே நிற்கும். கடிதத்தில் ‘உலகம் தோன்றிய ஆண்டு’ (உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் பைசாந்தியக் கணக்கு) கிடைத்தால், கி.பி. ஆண்டுக்கு 5508-ஐக் கழியுங்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை என்றால் 5509.