அம்மா அப்பாவைப் பிளேன் ஏற்றும் முன்: யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு

கனடாவுக்கோ லண்டனுக்கோ போகும் முதியவர்கள் களைத்து விழுவது பெரும்பாலும் விமானத்தில் அல்ல, அதற்கு முந்தின இரவு வாகனத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஏழெட்டு மணித்தியால ஓட்டம். அதை முடித்த கையோடு இன்னொரு நீண்ட பயணத்துக்கு ஏறினால் கால் வீங்கும். கால் நாளத்தில் இரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடும். ஒரு நாள் முன்னதாக வெளிக்கிட்டு நீர்கொழும்பில் இரவு தங்க வையுங்கள். அனுராதபுரம், புத்தளம், சிலாபம் பாதையில் வந்தால் கொழும்புக்குள் போய்த் திரும்பும் அலைச்சலும் இல்லை. வழியில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இறக்கி நடக்க விடுங்கள்.

சக்கர நாற்காலி கேட்பதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். "எனக்கென்ன நடக்க ஏலாதோ?" என்று ஐயா கோபிப்பார். கேளுங்கள், இலவசம். நடக்கக்கூடியவருக்கும் அது பெரிய உதவி, ஏனென்றால் தள்ளிக்கொண்டு போகிறவரே வரிசை, பாதுகாப்புச் சோதனை, அடுத்த வாசல் எல்லாவற்றையும் கடத்திவிடுவார். ரிக்கெற் போடும்போதே சொல்லுங்கள். குறைந்தது 48 மணித்தியாலம் முன்னராவது விமானக் கம்பனிக்குத் தெரிய வேண்டும். இதற்கு விமானக் கம்பனிகளிடம் குறியீடுகள் உண்டு: படி ஏறுவார், தூரம் நடக்கமாட்டார் என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர் (WCHR). படியும் ஏறமாட்டார் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ் (WCHS). பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறப்பது சிறிய ஏ.ரி.ஆர் விமானம், அதற்குப் படியில்தான் ஏற வேண்டும். ஆகவே இந்த வித்தியாசத்தைச் சரியாகச் சொல்லுங்கள்.

பிழை நேரும் இடங்கள் இரண்டு. ஒன்று, முதல் விமானத்துக்கு மட்டும் பதிந்துவிட்டு டோஹா, டுபாய் போன்ற இடைநிலையத்துக்குப் பதியாமல் விடுவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பதிவு இருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். இரண்டு, இறங்கும்போது கூட்டத்தோடு எழும்பிப் போய்விடுவது. நாற்காலிக்காரர்களைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். "எல்லாரும் போன பிறகு எழும்புங்கோ" என்று அம்மாவுக்குப் பலமுறை சொல்லி அனுப்புங்கள். முழுப் பயணமும் ஒரே ரிக்கெற்றில் இருக்கட்டும். இடையில் மூன்று மணித்தியாலமாவது கிடைக்கட்டும்.

கழுத்தில் தொங்கும் பையில் பாஸ்போட்டோடு ஓர் ஆங்கிலத் தாள் வையுங்கள்: போகும் முகவரி, அழைத்துப்போக வருபவரின் தொலைபேசி எண், வருத்தங்கள், குளிசைகள், "இவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும்" என்ற ஒரு வரி.

இனித் தண்ணீர். ரொயிலற் போக வெட்கப்பட்டு, வீட்டிலிருந்து வெளிக்கிட்டதும் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது எங்கள் ஆச்சிமாரின் பழக்கம். விமானத்துக்குள் காற்று மிகவும் உலர்ந்தது. அங்கே தண்ணீர் குடிக்காதவருக்குத் தலைசுற்றும், மலம் இறுகும், இரத்தம் கட்டும் ஆபத்தும் ஏறலாம். ரொயிலற்றுக்குக் கிட்ட, நடைபாதையோரச் சீட் எடுங்கள். கதவு நடுவில் மடிந்து உள்ளே போகும் வகை என்பதையும், தண்ணீர் அடிக்கும் சத்தம் பெரிதாக இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பயம் பாதி குறையும். இறுகக் கட்டிய சேலையோடு அந்தச் சின்ன அறைக்குள் திண்டாட வேண்டாம். தளர்வான, இலாஸ்ரிக் வைத்த உடுப்பு போதும்.

மணிக்கொருமுறை பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை ஆட்டச் சொல்லுங்கள். இறுக்கக் காலுறையோ அஸ்பிரினோ வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம். நித்திரைக் குளிசையும் வேண்டாம்: அசையாமல் கிடப்பார், எழும்பினால் தடுமாறுவார்.

மருந்து முழுவதும் கைப்பையில், பெயர்ச்சீட்டு உள்ள பெட்டியோடே, தேவையைவிட இரண்டு கிழமைக்குக் கூடுதலாக. கிளினிக் கொப்பியின் பிரதியும் மருந்துச்சீட்டும் கூடவே போகட்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டால் சாமான் அறைக் குளிரில் உறைந்து பழுதாகலாம். சீனி வருத்தக்காரருக்கு நேர வித்தியாசம் பெரிய சிக்கல்: கோடைகாலத்தில் ரொறன்ரோ நம்மைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், அதனால் பயண நாள் நீண்டுவிடும். எந்த நேரத்துக்கு எவ்வளவு என்று வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். நீரிழிவுச் சாப்பாட்டுக்கு ஒரு நாள் முன்னரே சொல்ல வேண்டும். அது பிந்தி வந்தால் கைகொடுக்க பிஸ்கற் பக்கற் ஒன்று கையில் இருக்கட்டும்.

மிளகாய்த்தூள், ஒடியல் மா பெரிய பெட்டிக்குள். கைப்பை ஐந்து கிலோவுக்குள் நின்றால் நல்லது. மேல்தட்டில் தூக்கி வைக்க அவருக்குப் பலமில்லை.

போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு மூன்று கிழமைக்குக் கவனியுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு நொந்தாலோ பயணக் களைப்பு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விமானத்தில் வந்ததை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.