பெருந்தொற்றுக் காலப் பயணம்: செக்-இன் கவுன்டரில் மாட்டிவிடும் படிவத் தவறுகள்

கையில் நெகடிவ் ரிசல்ட் இருக்கிறது. தடுப்பூசி இரண்டு டோஸும் போட்டாயிற்று. ஆனாலும் போர்டிங் பாஸ் தர மாட்டேன் என்கிறார்கள். கொரோனா காலத்தில் எத்தனையோ செக்-இன் வரிசைகளில் நடந்த காட்சி இது. உடம்பில் கோளாறு இல்லை, தாளில்தான் கோளாறு.

உலக சுகாதார நிறுவனம் கொரோனாவுக்கான சர்வதேச அவசரநிலையை 2023 மே 5 அன்று விலக்கிக்கொண்டது. நாடுகளின் நுழைவு விதிகளில் பெரும்பாலானவையும் போய்விட்டன. ஆனால் இன்னொரு பெருந்தொற்று வந்தால் இதே படிவங்கள் வேறு பெயரில் திரும்பி வரும். அப்போது செய்யக்கூடிய தவறுகளும் அநேகமாக இவையே.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் தாள்களை முதலில் பார்ப்பவர் போய் இறங்கும் நாட்டின் சுகாதார அதிகாரி அல்ல, கிளம்பும் இடத்திலுள்ள விமான நிறுவன ஊழியர். நுழைய அனுமதி இல்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால், அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். பல நாடுகளில் அதற்கு அபராதமும் உண்டு. அதனால் சந்தேகம் வந்தால் அவர் 'முடியாது' என்றுதான் சொல்வார். நம்மைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. திரையில் தெரியும் விதியையும் நம் தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார், அவ்வளவுதான். ஆகவே படிவத்தை நமக்குப் புரியும்படி நிரப்பினால் போதாது, அவர் இரண்டே நிமிடத்தில் சரிபார்க்கும்படி நிரப்ப வேண்டும்.

அதிகம் பேர் சறுக்கியது நேரக் கணக்கில். '72 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர்' என்று விதி சொன்னால், அந்த 72 மணி எப்போது தொடங்குகிறது? பெரும்பாலான விதிகளில் மூக்கில் குச்சியை விட்டு சாம்பிள் எடுத்த நேரத்திலிருந்து. ரிசல்ட் வந்த நேரத்திலிருந்து என்று நினைத்துக்கொண்டவர்கள் ஒரு நாள் முழுக்கத் தவறவிட்டார்கள். ரிப்போர்ட்டில் பதிவு செய்த நேரம், சாம்பிள் எடுத்த நேரம், ரிசல்ட் வெளியான நேரம் என்று மூன்று நேரங்கள் அச்சாகியிருக்கலாம். சாம்பிள் நேரம் இல்லாத ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு பரிசோதனைக் கூடத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

எங்கே முடிகிறது என்பது அடுத்த கேள்வி. கிளம்பும் நேரத்திலா, இறங்கும் நேரத்திலா? வழியில் விமானம் மாறினால் எந்த விமானம் கணக்கு? இதில் நாட்டுக்கு நாடு விதி வேறுபட்டது. அன்று அமெரிக்காவுக்கு ஒரே டிக்கெட்டில், நடுவில் நீண்ட இடைவெளி இல்லாமல் போனால் முதல் விமானம் கிளம்பும் நேரம் கணக்கு. கனடாவுக்கு, அந்த நாட்டுக்குள் நேராகப் போகும் கடைசி விமானத்தின் நேரம் கணக்கு. ஒன்றுக்குச் சரியாக இருந்த ரிப்போர்ட் இன்னொன்றுக்குக் காலாவதியாகியிருக்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. '3 நாள்' என்பதும் '72 மணி' என்பதும் ஒன்றல்ல. அமெரிக்கா 2021 ஜனவரி 26 முதல் கேட்டது 3 நாள். வியாழன் இரவு 11 மணிக்கு விமானம் என்றால், திங்கள் காலை 8 மணிக்கு எடுத்த சாம்பிளும் செல்லும். 72 மணி விதியில் அதே சாம்பிள் வியாழன் காலை 8 மணிக்கே செத்துவிடும். ஓமைக்ரான் என்ற கொரோனா திரிபு வந்ததும், 2021 டிசம்பர் 6 முதல், அந்த 3 நாள் 1 நாளாகச் சுருங்கியது. டிக்கெட் எடுத்தபோது படித்த விதியையே நம்பிக்கொண்டு இருந்தவர்கள் பாடு திண்டாட்டம். விதியை மூன்று முறையாவது பார்க்க வேண்டும்: டிக்கெட் எடுக்கும்போது, பரிசோதனைக்குப் போகும் முன், கிளம்புவதற்கு முந்தைய நாள்.

சரி, அடுத்தது பெயர். பாஸ்போர்ட்டில் முழுப்பெயர், தடுப்பூசிச் சான்றிதழில் சுருக்கம், ரிப்போர்ட்டில் எழுத்துப் பிழை என்றால் மூன்றும் மூன்று ஆட்கள். பரிசோதனைக் கூடத்தில் வாயால் பெயரைச் சொல்லாமல் பாஸ்போர்ட்டையே நீட்டுங்கள். குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள், அந்தப் படிவம் காலிக் கட்டத்தை எப்படி நிரப்பச் சொல்கிறது என்று பார்த்து நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட் எண்ணில் ஆங்கில 'ஓ' எழுத்தும் பூஜ்யமும் இடம் மாறுவது சர்வசாதாரணம். தடுப்பூசி போட்ட பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்கள், சான்றிதழில் பழைய எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறந்த தேதியும் லேசுப்பட்டதல்ல. 2021-இல் இந்தியாவின் கோவின் தடுப்பூசிச் சான்றிதழில் வயதுதான் இருந்தது. பிரிட்டன் முழுப் பிறந்த தேதியைக் கேட்டது. வெளிநாடு போகிறவர்களுக்காக அந்தச் சான்றிதழில் பிறந்த தேதியைச் சேர்க்க வேண்டியதாயிற்று. 04/07 என்பது ஓர் ஊரில் ஜூலை 4, இன்னோர் ஊரில் ஏப்ரல் 7. படிவம் நாளை முதலில் கேட்கிறதா, மாதத்தையா என்று பார்க்காமல் தட்டிவிட்டால் மாட்டிக்கொள்வோம்.

'கடந்த 14 நாளில் எந்தெந்த நாடுகளில் இருந்தீர்கள்?' என்ற கேள்விக்கு வீடு இருக்கும் நாட்டை மட்டும் எழுதிவிடுவது இன்னொரு பழக்கம். விமானம் மாறக் காத்திருந்த நாட்டை எழுதுவதில்லை. தொற்று அபாயம் அதிகம் என்று பிரிட்டன் கருதிய நாடுகளின் சிவப்புப் பட்டியல் நடைமுறையில் இருந்த காலத்தில், பட்டியலிலுள்ள நாட்டில் டிரான்சிட்டில் இருந்ததும் கணக்கில் வந்தது. அதை மறைத்தால் மறதி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பொய் அறிக்கை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அறிகுறிகள் பட்டியலில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிப்பதும் அப்படித்தான். அடியில் இருப்பது நம் கையெழுத்து.

தடுப்பூசி போட்டாலே எக்காலமும் செல்லும் என்ற நினைப்பும் பலரைக் கவிழ்த்தது. கடைசி டோஸுக்குப் பிறகு 14 நாள் கழிந்திருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் இருந்த விதி. இது ஆரம்பக் கெடு. முடிவுக் கெடுவும் வந்தது: 2022 பிப்ரவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணம் செய்ய, பூஸ்டர் போடாதவர்களின் சான்றிதழ் 270 நாள்தான் செல்லும் என்று வைத்தார்கள். நோய் வந்து குணமானவர்களின் சிக்கல் வேறு. குணமான பிறகும் பிசிஆர் வாரக்கணக்கில் பாசிடிவ் காட்டலாம். அவர்களுக்காக அமெரிக்கா போன்ற நாடுகள் வேறு வழி வைத்திருந்தன: 90 நாளுக்குள் வந்த பாசிடிவ் ரிசல்ட், கூடவே பயணம் செய்யலாம் என்று மருத்துவர் தரும் கடிதம். இது தெரியாமல் நெகடிவ் வரும்வரை திரும்பத் திரும்பப் பரிசோதித்தவர்கள் பாவம்.

போலித் தளங்களைப் பற்றிச் சுருக்கமாக. சிங்கப்பூரின் வருகை அட்டையும் அதிலுள்ள சுகாதார அறிக்கையும் இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்கும் தளம் பணம் கேட்கும், பாஸ்போர்ட் விவரத்தையும் வாங்கிக்கொள்ளும். அரசின் தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ரொம்ப முன்கூட்டி நிரப்பவும் முடியாது. அந்த அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள்தான் அனுப்பலாம்.

அனுப்பிவிட்டு உறுதிச் செய்தியைச் சேமிக்காமல் விடுவது சின்னத் தவறுதான், ஆனால் வயிற்றைக் கலக்கும். க்யூஆர் கோடு மின்னஞ்சலில் இருக்கும், விமான நிலைய வைஃபை இழுக்காது, போனில் சார்ஜ் இருக்காது. ஒரு ஸ்கிரீன்ஷாட், ஒரு அச்சுப் பிரதி. போதும். விமானம் மாறிப்போனால் படிவத்தில் உள்ள விமான எண்ணையும் தேதியையும் மாற்ற வேண்டும். திருத்த இடமில்லாவிட்டால் புதிதாக ஒன்று அனுப்பி, பழைய க்யூஆர் கோடைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள். இல்லையென்றால் அவசரத்தில் பழையதைத்தான் காட்டுவோம்.

காகிதத்தில் வரும் சுகாதாரச் சான்றிதழ் ஒன்று இன்றும் நடப்பில் இருக்கிறது: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கான மஞ்சள் அட்டை. ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அது செல்லத் தொடங்கும். 2016 ஜூலை 11 முதல் ஆயுள் முழுக்கச் செல்லும். மேலே சொன்ன நாள்–மாதக் குழப்பம் அதில் வராது, ஏனென்றால் மாதத்தை எண்ணில் எழுதாமல் எழுத்தில் எழுத வேண்டும் என்று விதியே இருக்கிறது. மருத்துவர் கையெழுத்துக்குப் பதிலாக முத்திரை மட்டும் இருந்தால் ஏற்க மாட்டார்கள். அடித்துத் திருத்தினாலோ ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாலோ அட்டையே செல்லாமல் போகலாம். எனவே ஊசி போட்ட இடத்திலேயே நின்று, ஒவ்வொரு கட்டத்தையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிழை இருந்தால் அங்கேயே வேறு அட்டை கேட்டு வாங்குங்கள்.